மடிப்புத் திரையும் ஏஐ முத்திரையும்: காசு கொடுக்கும் முன் கடையிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

யாழ்ப்பாணத்தில் புதிய கைத்தொலைபேசி வாங்கப் போகிறேன் என்று ஒருவர் வாய் திறந்தாலே அறிவுரைகள் வந்து குவிந்துவிடும். "மடிக்கிற போன் வெறும் பகட்டு, ஒரு வருசத்தில திரை போயிடும்" என்பார் ஒருவர். "இனி ஏஐ இல்லாத போன் வாங்கினால் காசைக் கரியாக்கின மாதிரித்தான்" என்பார் இன்னொருவர். இப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் மடிப்புத் தொலைபேசியைக் கையில் வைத்து ஒரு நாளாவது பாவித்தவர்களும் அல்லர். ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, என்ற பெயரில் தரப்படும் வசதிகளைத் தமிழில் சோதித்துப் பார்த்தவர்களும் அல்லர்.

கடையில் அரை மணி நேரம் பொறுமையாக நின்றால் இந்த இரண்டு கருத்துகளையும் நீங்களே உரசிப் பார்த்துவிடலாம். மடிப்புத் தொலைபேசிகளின் விலை இலட்சக்கணக்கில் இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல் கைத்தொலைபேசிகளுக்கும் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி சேர்ந்துகொண்டது. அவ்வளவு பணத்தை விளம்பரத்தை நம்பியோ, மாமி மகன் சொன்னதை நம்பியோ எடுத்துக் கொடுக்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

கடைக்குப் போகும் முன்

இப்போது கையில் இருக்கும் தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவிடுகிறீர்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் அது டிஜிட்டல் வெல்பீயிங் என்ற பகுதியிலும், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் என்ற பகுதியிலும் இருக்கும். ஒரு வாரத்துப் பட்டியலே உங்களுக்கு என்ன தேவை என்பதை ஓரளவுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

வாட்ஸ்அப்பும் யூடியூப்பும் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்திருந்தால், மடிப்புத் திரையால் நீங்கள் அடையும் பயன் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். இதற்குக் காரணம் வெறும் கணக்குத்தான். 2025இல் வெளிவந்த சாம்சங் கலக்ஸி இசட் ஃபோல்ட் 7 என்ற தொலைபேசியை விரித்தால் 8 அங்குலத் திரை கிடைக்கிறது. ஆனால் அந்தத் திரை ஏறத்தாழச் சதுரமானது. படங்களும் காணொளிகளும் அகலமானவை என்பதால் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழ, மிஞ்சும் படத்தின் பரப்பு 6.9 அங்குலச் சாதாரணத் தொலைபேசியில் தெரிவதைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கூடுதலாக இருக்கும். இருமடங்கு விலை கொடுத்து அந்த மூன்றில் ஒரு பங்கை வாங்க வேண்டுமா என்பதை வாங்குபவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பிடிஎஃப் கோப்புகள் படிப்பவருக்குக் கணக்கு முற்றாக வேறு. உயர்தர வகுப்பு எடுக்கும் ஆசிரியர் கடந்தகால வினாத்தாள்களைத் தொலைபேசியிலேயே பார்க்கிறார். படவரைஞர் வீட்டு வரைபடத்தைக் கட்டட வேலை நடக்கும் இடத்தில் விரித்துக் காட்டுகிறார். ஆய்வு செய்யும் மாணவி, இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் தரும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்திலிருந்து பழைய சஞ்சிகைகளைத் தரவிறக்கி வாசிக்கிறார். ஒரு முழுப் பக்கத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்து இழுக்காமல் ஒரே பார்வையில் வாசிக்க முடிவது இவர்களுக்கு நாள்தோறும் உதவும் விடயம். வெள்ளெழுத்து வந்த பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ரொறன்ரோவில் உள்ள பிள்ளையுடன் முகம் பார்த்துக் கதைப்பதற்கும் பெரிய திரை நல்லதுதான். ஆயினும் திறப்பதற்கு இரண்டு கைகள் வேண்டும் என்பதால், வாத நோவுள்ள விரல்களால் அதைத் திறக்க முடிகிறதா என்று அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று பார்ப்பது அவசியம்.

புறப்படும்போது சில பொருள்களை எடுத்துச் செல்லுங்கள்: சிங்களத்தில் வந்த ஓர் அலுவலகக் கடிதம், நீங்கள் அடிக்கடி வாசிக்கும் ஒரு பிடிஎஃப் கோப்பு, பழுதடைந்த பழைய குடும்பப் படம் ஒன்று. கடிதத்தில் உள்ள அடையாள அட்டை இலக்கத்தைக் கடதாசி ஒட்டி மறைத்துவிடுங்கள். கடையில் காட்சிக்கு வைத்த தொலைபேசியில் எதைப் படம் பிடித்தாலும், வெளியேறும் முன் அழித்துவிட்டு வரவும் வேண்டும்.

மடிப்புத் திரையைச் சோதிப்பது

மடிப்புத் தொலைபேசிகளில் புத்தகம்போல் விரிவது ஒரு வகை. மேற்பாதி கீழ்ப்பாதியின் மேல் மடிந்து சட்டைப் பைக்குள் அடங்குவது மற்றது. இரண்டாவது வகையை வாங்குபவர் பெரிய திரையை வாங்கவில்லை. சாதாரண அளவுத் திரையைச் சிறிய பொட்டலமாக வைத்திருக்கும் வசதியையே வாங்குகிறார். இது பலருக்குக் கடையில் போய் நின்ற பிறகுதான் தெரியவருகிறது.

தொலைபேசியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் எரியும் விளக்கின் கீழ் பார்க்காமல், அனுமதி கேட்டு வாசலுக்குக் கொண்டு வந்து வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். திரையை அணைத்த நிலையில் நடுவே ஓடும் மடிப்புக் கோடு அப்போதுதான் முழுதாகத் தெரியும். விரல் நுனியால் தடவினால் மெல்லிய பள்ளம் ஒன்று தட்டுப்படும். பெரும்பாலான மடிப்புத் திரைகளில் அது ஏதோ ஓர் அளவில் உண்டு. பின்னர் திரையைப் பாதி விரித்து மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். இரு பாதிகளையும் இணைக்கும் பிணைச்சல் நல்ல நிலையில் இருந்தால் வைத்த கோணத்திலேயே அசையாமல் நிற்கும். தானாக விழுந்தாலோ, திறக்கும்போது நெறநெறவென்ற ஒலி கேட்டாலோ அதை வாங்க வேண்டாம்.

உள்திரையின் மேல் ஒட்டப்பட்டிருக்கும் மெல்லிய படலத்தைப் பற்றி எவ்வளவு எச்சரித்தாலும் தகும். 2019 ஏப்ரலில் முதலாவது கலக்ஸி ஃபோல்ட்டைப் பரிசோதனைக்காகப் பெற்றவர்களில் சிலர், அந்தப் படலத்தைப் புதுப் போனோடு வரும் சாதாரணப் பாதுகாப்புத் தாள் என்று எண்ணி உரித்தெடுக்க, திரைகள் பழுதாகின. வேறு சில திரைகள் பிணைச்சல் வழியே துகள் புகுந்தும் கெட்டன. வெளியீடே செப்டெம்பர் மாதம்வரை தள்ளிப்போனது. அந்தப் படலம் திரையின் ஒரு பகுதி. எமது ஊர்க் கடைகளிலோ, போன் வாங்கிய கையோடு பழைய தாளை உரித்துக் கண்ணாடி ஒட்டிக் கொடுப்பதை அன்பளிப்பாகவே செய்வார்கள். பெட்டியைத் திறக்கும் முன்னரே "உள்திரையில கை வைக்க வேண்டாம் தம்பி, ஒண்டும் ஒட்டவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். விறைப்பான கண்ணாடியை மடிப்புத் திரையில் ஒட்டினால் மடிக்கும்போது அது திரையையே அழுத்திக் கெடுக்கும்.

அடுத்தது மணல். விளம்பரத்தில் ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வரும். முதலாவது தூசியையும் இரண்டாவது தண்ணீரையும் குறிக்கிறது. ஐபிஎக்ஸ்8 என்று இருந்தால் தூசிக்கான தரம் எதுவும் சொல்லப்படவில்லை என்று பொருள். கலக்ஸி இசட் ஃபோல்ட் 7 தொலைபேசிக்கு வழங்கப்பட்டுள்ள ஐபி48 என்பதில் உள்ள 4, ஒரு மில்லிமீற்றரைவிடப் பெரிய துகள்கள் உள்ளே போகாது என்பதை மட்டுமே சொல்கிறது. மணற்காட்டு மணலையும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீதியில் பரப்பும் மணலையும் உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான துகள்கள் அந்த அளவைவிடச் சிறியவை. கூகுள் 2025இல் வெளியிட்ட பிக்சல் 10 புரோ ஃபோல்ட் ஐபி68 தரம் பெற்றது. தூசியைப் பொறுத்தவரை அது பெரிய முன்னேற்றம். தண்ணீர்ச் சோதனை நன்னீரில் செய்யப்படுவது என்பதால், கசூரினா கடற்கரையில் உப்பு நீர் பட்டதற்கு எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. கடலோரத்தில் தொழில் செய்பவர்கள், மோட்டார் சைக்கிளில் செம்மண் ஒழுங்கைகளால் நாள் முழுவதும் ஓடுபவர்கள் ஆகியோருக்கு இன்றைய மடிப்புத் தொலைபேசி ஏற்றதல்ல என்பது என் உறுதியான கருத்து.

"எத்தனை தரம் மடிக்கலாம்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்த கணக்கு 2,00,000 தடவை. ஒரு நாளைக்கு 100 தடவை என்று வைத்தால் ஐந்தரை ஆண்டுகள் வரும். ஆய்வுகூடத்தில் ஓர் இயந்திரம் ஒரே சீராக மடித்து விரித்துப் பெற்ற எண்ணிக்கை அது. நகம் பட்டு அழுந்தியதும், இடையில் ஒரு மண் துகள் சிக்கியதும் அந்தக் கணக்கில் வராது. ஆகவே மடிப்பு எண்ணிக்கையைவிட முக்கியமான கேள்வி ஒன்றைக் கேளுங்கள்: உள்திரை உடைந்தால் மாற்றுவதற்கு எவ்வளவு? தொகையை வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரச் சொல்லுங்கள். உதிரிப்பாகம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பினால் எத்தனை நாள் தொலைபேசி இல்லாமல் இருக்க வேண்டும் என்பவற்றையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். கிடைக்கும் தொகையைத் தொலைபேசியின் விலையோடு கூட்டிப் பார்த்து, அந்தக் கூட்டுத்தொகை உங்கள் கைக்கு அடக்கமானதாக இருந்தால் மட்டும் மேலே யோசிக்கலாம்.

பாவித்த மடிப்புத் தொலைபேசி மலிவாகக் கிடைக்கிறதென்றால், மடிப்புக் கோட்டின் இரு முனைகளிலும் படலம் குமிழ்விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பு வெள்ளைப் பின்னணியுள்ள படமொன்றைத் திறந்து ஒளியை முழுதாகக் கூட்டினால், ஒளிராமல் இறந்த புள்ளிகளும் கறுப்புக் கீறுகளும் மறைய முடியாது. குமிழ் சிறியதாக இருந்தாலும் அது பெரிதாகும்; விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாலும் விட்டுவிடுவதே நல்லது.

ஏஐ என்ற முத்திரையைச் சோதிப்பது

கடைகளில் நடக்கும் உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

"அன்ரி, இதில ஏஐ இருக்கு."

"அது எனக்கு என்ன செய்யும், தம்பி?"

"எல்லாம் செய்யும், அன்ரி."

"எல்லாம்" என்ற பதிலோடு திருப்தியடையாமல், ஒன்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் ஒன்றைக் காட்டியதும் தொலைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, அதே வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். இதைவிட எளிதான, இதைவிடப் பயனுள்ள சோதனை வேறு இல்லை. இணையம் நின்றதும் வேலையும் நின்றுவிட்டால், அந்த அறிவு அந்தத் தொலைபேசிக்குள் இல்லை. எங்கோ தொலைவில் உள்ள நிறுவனத்தின் கணினிகளில் இருக்கிறது. சற்ஜிபிரி, ஜெமினி போன்ற செயலிகள் அப்படி இயங்குபவை என்பதால், உங்களிடம் ஏற்கெனவே உள்ள சாதாரணத் தொலைபேசியிலும் அதே கேள்விக்கு அதே தரத்தில் பதில் தரும். அவற்றுக்காகப் புதிய தொலைபேசி வாங்க வேண்டியதில்லை. விமானப் பயன்முறையிலும் நடக்கும் வேலைகள் எவையோ அவற்றுக்குத்தான் நீங்கள் மேலதிக விலை கொடுக்கிறீர்கள். அந்தப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு தமிழ். 2024 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனத்தின் ஏஐ வசதிகள் வெளியானபோது அவை ஆங்கிலத்தில் மட்டுமே இயங்கின. எந்த நிறுவனமானாலும், தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சென்று அந்தந்த வசதியின் மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குரல் தட்டச்சை நீங்கள் வீட்டில் பேசும் தமிழிலேயே சோதியுங்கள். "நாளைக்கு விடியப் பெரியப்பாவோட சுன்னாகம் சந்தைக்குப் போட்டு, பேந்து பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்று இயல்பான வேகத்தில் சொல்லிவிட்டு, திரையில் என்ன எழுதப்படுகிறது என்று வாசியுங்கள். "பேந்து" என்பதும் "பின்னேரம்" என்பதும் சரியாக வந்தால் உங்கள் அம்மாவும் அதைப் பாவிக்கலாம். செய்தி வாசிப்பவரைப்போல் பேசினால்தான் விளங்குமென்றால், வாங்கிய ஒரு வாரத்தில் அது மறந்துபோகும் வசதியாகிவிடும்.

கொண்டு சென்ற சிங்களக் கடிதத்தை இப்போது எடுங்கள். வடக்கில் வாழும் எமக்கு ஏஐ செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது இல்லை என்று நான் நம்புகிறேன். கடிதத்தின் சாரம் என்ன, எந்தத் திகதிக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்பவற்றைப் பிறர் வீட்டு வாசலில் போய்க் காத்திராமல் அறிந்துகொள்ள முடிவது மரியாதையோடு தொடர்பான விடயமும்கூட. ஆனாலும் மொழிபெயர்ப்பில் வரும் பெயர், திகதி, தொகை மூன்றையும் மூலக் கடிதத்தோடு விரல் வைத்து ஒப்பிட வேண்டும். கையொப்பம் இடவேண்டிய பத்திரமென்றால் சிங்களம் தெரிந்த ஒருவர் வாசித்த பிறகே இட வேண்டும். கூகுளின் இலவச மொழிபெயர்ப்புச் செயலி உங்கள் பழைய தொலைபேசியில் இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போனால் ஒப்பிடுவதற்கு இலகுவாக இருக்கும்.

விடை உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கேள்வியையும் கேளுங்கள். உங்கள் ஊர்க் கோவிலை யார் கட்டினார், பாடசாலை எந்த ஆண்டு தொடங்கியது என்பன போன்ற கேள்விகள் பொருத்தம். இந்த மென்பொருள்கள் ஏராளமான எழுத்துகளைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. உலகம் முழுவதும் எழுதியுள்ள விடயங்களில் அவை பெரும்பாலும் சரியாக இருக்கும். எமது சிற்றூர்களைப் பற்றி இணையத்தில் இருக்கும் எழுத்து மிகக் குறைவு என்பதால், இல்லாத அரசரையும் இல்லாத ஆண்டையும் அதே உறுதியான நடையில் எழுதிவிடும். 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் உள்ள ஊர் மலர்களோடும் பாடசாலை ஆண்டு மலர்களோடும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும். மாணவர்களுக்குத் தொலைபேசி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இந்தச் சோதனையைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கும் இதே சிக்கல் உண்டு: 2024 டிசம்பரில் அப்பிளின் ஏஐ பிபிசியின் செய்தி அறிவிப்பைத் தவறாகச் சுருக்கியது குறித்து பிபிசி முறைப்பாடு செய்ய, மறு மாதமே செய்திச் செயலிகளுக்கான அந்த வசதியை அப்பிள் நிறுத்தி வைத்தது.

பழைய படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டையும் அல்பத்தையும் விட்டு வந்த குடும்பங்கள் பல. பலரிடம் இறந்தவரின் ஒரே ஒரு படம்தான் எஞ்சியிருக்கிறது, அதுவும் பூஞ்சணம் பிடித்த நிலையில். கடையில் அந்தப் படத்தைக் கொடுத்தால் ஏஐ நொடியில் பளபளப்பாக்கித் தரும், பார்ப்பவர் கண் கலங்கும், உடனே வாங்கத் தோன்றும். அந்த இடத்தில் சற்று நிதானியுங்கள். என் அம்மம்மாவின் படத்தை அப்படித் திருத்தியபோது, கறை போய்ச் சேலைக் கரை பளிச்சென்று வந்தது. கூடவே மேலுதட்டின் ஓரத்தில் இருந்த மச்சமும் அழுக்கென்று கருதி அழிக்கப்பட்டிருந்தது, மூக்கு ஒடுங்கியிருந்தது, தோடு வேறொரு தோடாகியிருந்தது. அவருடைய தங்கையிடம் காட்டினேன். "இது ஆர் பிள்ளை? வடிவாத்தான் இருக்கிறா. எங்கட அக்கா இல்லை" என்றார். மங்கிய இடத்தில் என்ன இருந்தது என்று மென்பொருளுக்குத் தெரியாது. இருந்திருக்கக்கூடிய ஒரு முகத்தை அது வரைந்து வைக்கிறது. ஆகவே மூலப்படத்தை நல்ல வெளிச்சத்தில் அப்படியே படம் பிடித்து, திருத்தாத பிரதியாக இரண்டு இடங்களில் சேமித்த பிறகே வேறு எதையும் செய்யுங்கள். திருத்திய பிரதியைச் சுவரில் மாட்ட விரும்பினால் அந்த முகத்தை நேரில் கண்ட ஒருவரிடம் முதலில் காட்டுங்கள்.

வாக்குறுதிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அப்பிள் தனது குரல் உதவியாளரான சிரிக்கு 2024இல் அறிவித்த புதிய வசதிகள் தாமதமாகும் என்று 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே சொன்னது. அவற்றுக்காகவே தொலைபேசி வாங்கியவர்கள் காத்திருக்க நேர்ந்தது. சட்டையில் குத்திக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் என்ற கருவி 2024இல் 699 டொலருக்கு விற்பனைக்கு வந்து, 2025 பெப்ரவரி இறுதியில் அதன் சேவை நிறுத்தப்பட்டதும் பெரும்பாலும் பயனற்றுப் போனது. சாம்சங் 2024இல் தனது ஏஐ வசதிகளை அறிமுகப்படுத்தியபோது, அவை 2025 இறுதிவரை இலவசம் என்ற அடிக்குறிப்பையும் சேர்த்திருந்தது. சிறிய எழுத்தில் உள்ளதை வாசிக்க வேண்டும்; கடையில் நிற்கும்போது இயங்காத வசதியை அந்தத் தொலைபேசியில் இல்லாததாகவே கணக்கிட வேண்டும்.

பணம் கொடுக்கும்போது

*#06# என்று அழுத்தினால், ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் திரையில் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பற்றிய பதில் கிடைக்கும். கடையை விட்டு இறங்கும் முன்னரே இதைச் செய்துவிடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வரும் தொலைபேசியென்றால், உத்தரவாதம் இலங்கையில் செல்லுமா என்று அவர் அங்கே வாங்கும்போதே கேட்கச் சொல்லுங்கள். மடிப்புத் தொலைபேசிக்கு இந்தக் கேள்வி மற்றவற்றைவிடப் பன்மடங்கு முக்கியம். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14ஆவது மாதிரியிலிருந்து சிம் அட்டை போடும் இடமே இல்லை, தொலைபேசிக்குள்ளேயே பொதிந்துள்ள இசிம் மட்டும்தான். உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் அதற்கு ஒழுங்கு செய்த பின்னரே அத்தகைய தொலைபேசிக்குச் சம்மதம் சொல்லுங்கள்.

பற்றுச்சீட்டில் மாதிரி இலக்கம், ஐஎம்இஐ எண், உத்தரவாதம் தருபவர் கடையா இறக்குமதியாளரா என்பது, உள்திரையும் பிணைச்சலும் அந்த உத்தரவாதத்துக்குள் அடங்குமா என்பது ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். "வரன்ரி ஒரு வருசம்" என்று மட்டும் எழுதிய சீட்டைத் திருப்பிக் கொடுத்து முழுமையாக எழுதி வாங்குங்கள்; கடைக்காரர் உள்திரையைப் பற்றி எழுதத் தயங்கினால், வேறு கடையில் விசாரித்துப் பார்க்கும்வரை பணத்தைக் கொடுக்க வேண்டாம்.